இமயமலைக்கு அடியிலுள்ள புவி மேலோட்டைப் படிக்கத் தொடங்குவது எப்படி

இமயமலைப் பகுதியின் நிலநடுக்கங்களையும் அவற்றுக்குக் காரணமான நிலத்தடி அமைப்பையும் படிக்க விரும்பும் மாணவர்கள் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மலையை நேரில் பார்க்காமல் அதை எப்படிப் படிப்பது என்ற தயக்கம் அவர்களில் பலரை முதல் அடியிலேயே நிறுத்திவிடுகிறது. மலைக்கே போய் நின்றாலும் அதன் அடிப்பகுதி யார் கண்ணுக்கும் தெரியாது. நம் ஊரில் ஆயிரம் அடிக்குப் போர்வெல் போட்டால் அது ஏறத்தாழ 300 மீட்டர்தான். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. செங்குத்தாகத் துளைத்தவற்றில் மிக ஆழமானதாகிய ரஷ்யாவின் கோலா துளை 12.262 கிலோமீட்டரில் நின்றுவிட்டது. இமயத்துக்கு வடக்கே திபெத்தின் அடியிலோ, புவியின் வெளிப்புறப் பாறை ஓடாகிய மேலோடு 70 கிலோமீட்டரும் அதற்கு மேலும் தடித்திருக்கிறது. ஆகவே டேராடூனில் இருக்கும் ஆய்வாளரும் தருமபுரியில் இருக்கும் மாணவரும் அந்த ஆழத்தை ஒரே வழியில்தான் அறிய முடியும்: அதன் வழியே வந்து சேரும் அலைகளை அளந்து, அவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெற வேண்டும். அந்த அலைப்பதிவுகளில் பல இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆழத்துப் பாறை எப்படியிருக்கும் என்று கண்ணால் காண விரும்புவோருக்கோ, நம் இரு மாவட்டங்களைப் போன்ற வாய்ப்பான இடங்கள் உலகில் அதிகம் இல்லை. அதனால்தான் கணினியைத் திறப்பதற்கு முன் பாறையிலிருந்து தொடங்குமாறு சொல்கிறேன்.

பாறையைப் பார்த்துப் பழகுதல்

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகத் தொப்பூர் நோக்கித் தெற்கே போகும் நெடுஞ்சாலையில், ஒரு நாள் முழுவதையும் பாறை பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள். கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள குன்றுகளில் பெரும்பாலும் காணப்படுவது நைஸ் என்னும் பாறை. வெளிர் சாம்பல் நிறமும் கருநிறமும் மாறி மாறிக் கோடுகளாக ஓடுவதைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். தெற்கே வர வர, கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடைப்பட்ட பகுதியில், அந்தக் கோடுகள் மங்கி, புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல் பசுமை கலந்த கருமை காட்டும் பாறை தோன்றத் தொடங்குகிறது. இதுவே சார்னோகைட். நைஸில் நீர் கலந்த கனிமங்களான பயோடைட்டும் ஹார்ன்பிளெண்டும் இருக்கின்றன. சார்னோகைட்டிலோ மிகுந்த வெப்பத்தில் நீர் குறைந்த நிலையில் உருவாகும் ஆர்த்தோபைராக்சின் என்ற கனிமம் இருக்கிறது. ஒரு பாறை இன்னொன்றாக மாறும் இந்த எல்லை, ஒரு காலத்தில் 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த இடம். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான அந்தப் பழைய மேலோடு பின்னர் சாய்ந்து உயர்ந்து, மேலிருந்த பாறை அரித்துப் போனதால், தெற்கே நடக்க நடக்க மேலோட்டின் அடிப்பகுதியை நோக்கி இறங்குவதற்கு ஒப்பாகிறது. படிக்கட்டில் கீழே இறங்காமல், படிக்கட்டையே படுக்க வைத்து அதன் மேல் நடப்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

சார்னோகைட் என்ற பெயருக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கிழக்கிந்திய கம்பெனியின் முகவராக இருந்த ஜாப் சார்னாக்குக்குக் கொல்கத்தாவில் உள்ள கல்லறைக்கல் இந்தப் பாறையால் ஆனது. அதே பாறை பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் கிடைப்பதை ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து, 1893இல் சார்னாக்கின் பெயரையே அதற்கு இட்டார்.

கையில் ஒரு பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், சிறு சுத்தியல், குறிப்பேடு, கைப்பேசியின் ஜி.பி.எஸ். ஆகியவை இருந்தால் போதும். ஒவ்வோர் இடத்திலும் அட்சரேகை, தீர்க்கரேகை, பாறையின் நிறம், கோடுகள் ஓடும் திசை, அவை சாயும் கோணம் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் இரண்டு இடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். சாலையோர வெட்டுமுகங்களில் வாகனப் போக்குவரத்தைக் கவனித்து நில்லுங்கள். கல் குவாரிக்குள் உரிமையாளரின் அனுமதியில்லாமல் கால் வைக்க வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டறிந்த பின்னரே உள்ளே செல்லுங்கள்.

இவ்வளவு பாறையைப் பார்த்ததால் இமயத்தைப் பார்த்துவிட்டதாக ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இமயம் இந்தியத் தட்டும் யூரேசியத் தட்டும் மோதத் தொடங்கிய ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்ட மலை. அதன் பாறை வகைகளும் வரலாறும் வேறு. ஆனால் அலைப்பதிவில் "கீழ் மேலோடு" என்று ஒரு வரி வரும்போது, அது கையால் தொட்டுப் பார்த்த, எடையும் நிறமும் உள்ள ஒரு பொருள் என்ற நினைவு மாணவருக்கு இருக்க வேண்டும். அந்த நினைவு இல்லாதவர்கள் கணினித் திரையில் வரும் எந்த வளைவையும் நம்பிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

பரங்கிமலையில் தொடங்கிய கணக்கு

இரண்டாவது படிக்குக் காகிதமும் பேனாவும் போதும். 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த பெரும் முக்கோண நில அளவை, வடக்கே இமயத்தின் அடிவாரம் வரை சென்றபோது ஒரு சிக்கலில் மாட்டியது. கலியானா, கலியான்பூர் என்ற இரு நிலையங்களுக்கு இடையிலான அட்சரேகை வேறுபாட்டை நில அளவையால் கண்டபோது ஒரு விடையும், விண்மீன்களைக் கொண்டு கண்டபோது வேறு விடையும் வந்தன. இரண்டுக்கும் இடையே 5.236 கோண விநாடி (ஒரு கோண விநாடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) வேறுபாடு இருந்தது. இமயத்தின் பெருநிறை தூக்குக்குண்டைத் தன்பக்கம் இழுப்பதே காரணம் என்று கருதிய ஜான் பிராட், அந்த இழுப்பைக் கணக்கிட்டபோது 15.885 கோண விநாடி கிடைத்தது. மலை இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருக்கிறது. இதற்கு 1855இல் ஜார்ஜ் ஏரி அளித்த விளக்கம், மலைக்கு அடியில் எடை குறைந்த மேலோட்டுப் பாறையின் வேர் ஒன்று, மேலோட்டுக்குக் கீழே உள்ள எடை மிகுந்த பாறை அடுக்காகிய கவசத்துக்குள் அமிழ்ந்திருக்கிறது என்பது. நீரில் மிதக்கும் கட்டை எவ்வளவு உயரமாக மேலே நிற்கிறதோ அவ்வளவு ஆழமாகக் கீழேயும் இறங்கியிருப்பதைப் போன்றது இது.

இந்த வேரின் ஆழத்தை நீங்களே கணக்கிடுங்கள். மேலோட்டின் அடர்த்தியை ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.8 கிராம் என்றும், கவசத்தின் அடர்த்தியை 3.3 கிராம் என்றும் கொள்வோம். மலையின் உயரத்தை 2.8ஆல் பெருக்கி, இரு அடர்த்திகளின் வேறுபாடாகிய 0.5ஆல் வகுத்தால் வேரின் ஆழம் கிடைக்கும். திபெத்தின் சராசரி உயரத்தை 5 கிலோமீட்டர் என்று வைத்தால் வேர் 28 கிலோமீட்டர். சமவெளியில் மேலோடு 38 கிலோமீட்டர் என்று கொண்டு, அதனோடு வேரையும் உயரத்தையும் கூட்டினால் 71 கிலோமீட்டர் வருகிறது. இந்த எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

அலைகளைப் பழகுதல்

நிலநடுக்கத்திலிருந்து புறப்படும் அலைகளில் பி அலை முதலில் வருகிறது. எஸ் அலை அதன் பின் வருகிறது. மேலோட்டில் பி அலை வினாடிக்கு 6 முதல் 7 கிலோமீட்டரும், அதற்குக் கீழே கவசத்தின் மேற்பகுதியில் ஏறத்தாழ 8 கிலோமீட்டரும் செல்லும். எஸ் அலையின் வேகம் பி அலையினுடையதை ஏறத்தாழ 1.73ஆல் வகுத்தால் கிடைப்பது. 1909இல் சாகிரெப் அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்த ஆண்ட்ரியா மோஹோரோவிச்சிச், சில நிலையங்களில் பி அலை இரண்டு முறை வந்திருப்பதைக் கண்டு, ஒன்று மேலோட்டின் வழியாகவும் மற்றொன்று அதற்குக் கீழே வேகமான பாறையின் வழியாகவும் வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அவர் கண்ட எல்லையைத்தான் நாம் மோஹோ என்று சுருக்கி அழைக்கிறோம். மேலோட்டின் தடிப்பு என்பது தரையிலிருந்து மோஹோ வரையிலான ஆழமே.

ஒரு பதிவில் பி அலை வந்த நேரத்துக்கும் எஸ் அலை வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை வினாடியில் அளந்து 8ஆல் பெருக்கினால், அருகில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். இந்தப் பயிற்சியைப் பத்துப் பதிவுகளிலாவது செய்து பார்க்காமல் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம்.

ஒரு நிலையத்தில் மோஹோவைக் கணக்கிடுதல்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் அதில் இயங்கும் ஆப்ஸ்பை என்ற இலவச நிரல் தொகுப்பும் உங்கள் கணினியில் இருக்க வேண்டும்; சாதாரண மடிக்கணினி போதும். முதலில் ஹைதராபாத் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜியோஸ்கோப் என்ற பிரெஞ்சு வலையமைப்பைச் சேர்ந்த இந்த நிலையத்தின் பதிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. பழமையான, பெருமளவு அமைதியான தென்னிந்தியப் பாறையின் மேல் இருப்பதால் அதன் பதிவு தொடக்கநிலை மாணவருக்குத் தெளிவாக இருக்கும். அதன் பிறகே திபெத்தின் லாசா நிலையத்துக்குப் போங்கள்.

செய்ய வேண்டியது இது. நிலையத்திலிருந்து 30 முதல் 90 பாகை தொலைவில் (புவியின் மையத்தில் அமையும் கோணத்தால் அளக்கும் தொலைவு இது; ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர்) நிகழ்ந்த, 5.5 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கங்களை அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஜப்பான், பிலிப்பைன்ஸ் பக்கத்து நிலநடுக்கங்கள் இதற்கு ஏற்றவை. ஒவ்வொன்றுக்கும் பி அலை வருவதற்கு 20 வினாடி முன்பிருந்து 80 வினாடி பின்பு வரையிலான மூன்று திசைப் பதிவுகளையும் எர்த்ஸ்கோப் தரவு மையத்திலிருந்து இறக்குங்கள். தொலைவிலிருந்து வரும் பி அலை ஏறத்தாழச் செங்குத்தாக மேலேறி மோஹோவைக் கடக்கும்போது, அதன் ஒரு பகுதி எஸ் அலையாக மாறுகிறது. மாறிய அலை மெதுவாக வருவதால் பி அலைக்குச் சில வினாடி பின்தங்கி, கிடைத்திசைப் பதிவில் தெரியும். கிடைத்திசைப் பதிவை நிலநடுக்கத்தின் திசைக்கு ஏற்பத் திருப்பி, அதிலிருந்து செங்குத்துப் பதிவின் வடிவத்தைக் கணித முறையில் நீக்கிவிட்டால், நிலநடுக்கத்தின் தன்மை மறைந்து, நிலையத்துக்கு அடியில் உள்ள அமைப்பின் தடம் மட்டும் எஞ்சும். இதற்கு ரிசீவர் ஃபங்ஷன் என்று பெயர். வேகமான சிறு அதிர்வுகளை நீக்கும் வடிகட்டலுக்கு, அதன் அகலத்தைக் குறிக்கும் காசியன் அளவை 2.5 என்று தொடங்கலாம்.

கிடைக்கும் வளைவில் பி அலையின் மேட்டுக்குப் பின் தெளிவாக எழும் அடுத்த மேட்டின் நேரத்தைப் பாருங்கள். ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் என்பது இங்கும் தோராயமாகப் பொருந்தும். ஹைதராபாத்தில் அந்த மேடு 4 வினாடி அளவில் வரும். அதாவது மேலோடு 32, 33 கிலோமீட்டர். லாசாவில் அது ஏறத்தாழ இரு மடங்கு நேரத்தில் வரும். இந்த வேறுபாட்டை முதன்முதலாகத் தம் கையால் போட்ட வளைவில் காணும் மாணவருக்கு, பிராட்டும் ஏரியும் எதைப் பற்றி வாதிட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் உண்மையில் விளங்குகிறது.

ஒரே மேட்டை நம்பி நின்றுவிடக் கூடாது. தரையில் பட்டுத் திரும்பி, மீண்டும் மோஹோவில் எதிரொலித்து வரும் அலையும் இருக்கிறது. முதல் மேடு 4 வினாடியில் வந்தால் இது 14 வினாடியை ஒட்டி வர வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் அது மோஹோ. இரண்டையும் சேர்த்துத் தடிப்பையும் பி, எஸ் வேகங்களின் விகிதத்தையும் ஒருங்கே தேடும் முறையை ஜூவும் கனமோரியும் 2000இல் வகுத்தளித்தார்கள். இன்றும் புதியவர்கள் கற்க வேண்டிய முறை அதுவே. குறைந்தது இருபது முப்பது நிலநடுக்கங்களையாவது சேர்த்துச் சராசரி காணுங்கள்; இரைச்சல் மிகுந்த பதிவைத் தயங்காமல் ஒதுக்குங்கள், ஆனால் எதை ஏன் ஒதுக்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். நீங்கள் எதிர்பார்த்த விடையைத் தராதது மட்டுமே ஒரு பதிவை ஒதுக்கக் காரணமாகிவிடக் கூடாது.

இமயத்தில் இரண்டு சிக்கல்கள் கூடுதலாக வரும். கங்கைச் சமவெளியில் சில கிலோமீட்டர் தடிப்புள்ள வண்டல், தன் எதிரொலிகளால் முதல் சில வினாடிகளை மறைத்துவிடும். மலைக்கு அடியில் மோஹோ வடக்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால், வடக்கிலிருந்து வரும் அலையும் தெற்கிலிருந்து வரும் அலையும் ஒரே நிலையத்தில் வெவ்வேறு நேரம் காட்டும். ஆகவே நிலநடுக்கங்களை அவை வந்த திசைவாரியாகப் பிரித்து அடுக்கிப் பாருங்கள். இதில் தேர்ந்த பின், 2002 முதல் 2005 வரை நேபாளத்திலிருந்து திபெத் வரை வரிசையாகக் கருவிகள் வைத்த ஹை-கிளைம்ப் திட்டத்தின் பதிவுகளை எடுத்துக்கொள்ளலாம். இந்திய மேலோடு மலைக்கு அடியில் நுழைந்து செல்வதை நிலையம் நிலையமாகத் தொடர்ந்து காணும் வாய்ப்பு அதில் உண்டு.

ஒப்பிடுவதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. குப்பத்திலிருந்து பழனி வரை, நம் மாவட்டத்துப் பொம்மிடி வழியாக, ஆழத்திலிருந்து வரும் எதிரொலிகளைப் பதிவு செய்த ஆய்வு ஒன்றை ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் நடத்தியது. அதில் இப்பகுதியின் மோஹோ 40 கிலோமீட்டரைவிடச் சற்று அதிக ஆழத்தில் காணப்பட்டது. 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை தரைக்கு வந்துவிட்ட பின்னும் அடியில் இவ்வளவு தடிப்பு எஞ்சியிருப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

நிலநடுக்கம் பிறக்கும் பரப்பு

மேலோட்டின் தடிப்பை அறிவது ஒரு பகுதிதான். இமயத்தின் பெரும் நிலநடுக்கங்கள், இந்தியத் தட்டு மலைக்குக் கீழே நுழையும் சாய்ந்த பரப்பாகிய முதன்மை இமய உந்துபிளவில் பிறக்கின்றன. இந்தியத் தட்டு வடக்கே நகரும் வேகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இமயத்தின் குறுக்கே அமுக்கமாகச் சேர்கிறது என்பதை ஜி.பி.எஸ். நிலையங்கள் காட்டியுள்ளன. பரப்பின் ஆழமான வடபகுதி வெப்பத்தால் மெல்ல நழுவுகிறது. ஆழம் குறைந்த தென்பகுதி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலத்துக்குப் பூட்டிக் கிடக்கிறது. நூறாண்டு பூட்டிக் கிடந்தால் 2 மீட்டர் நகர்வு சேர்ந்திருக்கும். 1905இல் காங்ராவும், 1934இல் பீகார்–நேபாள எல்லையும், 1950இல் அசாமும் குலுங்கியதற்கு அடிப்படை இதுவே. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தின் கோர்க்காவில் தொடங்கிய 7.8 அளவுள்ள நிலநடுக்கத்தில், முறிவு கிழக்கு நோக்கி ஓடியது; காத்மாண்டு பள்ளத்தாக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது; ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தனர். முறிவு தரை வரை வரவில்லை. ஆதலால் தென்விளிம்பில் பூட்டு இன்னும் முழுதாக விடுபடவில்லை.

இந்தக் கணக்கைச் செய்து பார்க்கும் மாணவர்களில் சிலர், அடுத்த நிலநடுக்கம் எந்த ஆண்டு வரும் என்று சொல்லிவிடலாம் என எண்ணுகிறார்கள். சேர்ந்த நகர்வு எவ்வளவு என்று சொல்லலாம்; அது எந்த நாளில் விடுபடும் என்று சொல்லும் முறை இன்றுவரை இல்லை. அப்படி நாள் குறித்துப் பரப்பப்படும் செய்தியை உங்கள் படிப்பின் பெயரால் யாருக்கும் அனுப்பாதீர்கள். மலைவாழ் மக்களுக்கு அது கெடுதலே செய்யும்.

புவியீர்ப்பு அளவையும் காந்த–மின் அளவையும் இதே மேலோட்டை வேறு கண்ணால் பார்க்கின்றன. அலைப்பதிவில் கை தேர்ந்த பிறகு அவற்றுக்குப் போகலாம்.

வீட்டில் ஒரு கருவி

ராஸ்பெர்ரி ஷேக் போன்ற சிறு நில அதிர்வுப் பதிவுக் கருவியைக் கல்லூரியிலோ வீட்டிலோ வைக்க விரும்பினால், மாடியில் வைக்காமல் தரைத்தளத்தில், இயன்றால் பாறையை ஒட்டிய தளத்தில், நெடுஞ்சாலையிலிருந்து விலக்கி வையுங்கள். இது உள்ளூர் அதிர்வுகளுக்கு ஏற்றது; மேலே சொன்ன ரிசீவர் ஃபங்ஷன் வேலைக்கு நீண்ட அலைகளையும் பதியும் நிலையப் பதிவுகளே வேண்டும். நம் பகுதியில் இந்தக் கருவி மிகுதியாகப் பதிவது குவாரி வெடிகளைத்தான். நானும் தொடக்கத்தில் ஒரு பிற்பகல் பதிவை உள்ளூர் நிலநடுக்கம் என்றே கருதித் தொலைவைக் கணக்கிட்டேன். மறுநாளும் ஏறத்தாழ அதே நேரத்தில் அதே வடிவம் வந்தபோதுதான் தவறு புரிந்தது. வெடி பகலில் நிகழும். எல்லாப் பக்கமும் வெளியே தள்ளுவதால் எந்தத் திசையில் உள்ள கருவியிலும் முதல் அசைவு மேல்நோக்கியே இருக்கும். எஸ் அலை மங்கலாகவும் தரையலை வலுவாகவும் வரும். நம் பகுதியில் நிலநடுக்கமே வராது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1900இல் கோயம்புத்தூர் குலுங்கியிருக்கிறது.

மேற்கொண்டு படிக்க

இளநிலையில் நிலவியலோ இயற்பியலோ முடித்தவர்கள் ஐ.ஐ.டி. முதுநிலை நுழைவுத் தேர்வாகிய ஜாம் வழியாக ரூர்க்கி, கரக்பூர், தன்பாத் போன்ற ஐ.ஐ.டி.களின் புவி அறிவியல் முதுநிலைப் படிப்புகளுக்கு முயலலாம். முதுநிலைக்குப் பின் கேட் தேர்வில் நிலவியல், புவி இயற்பியல் தாள் உண்டு. ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும், டேராடூனின் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனமும், டெல்லியின் தேசிய நிலநடுக்கவியல் மையமும் இத்துறையில் நேரடியாகப் பணியாற்றுபவை.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சிறு அறிக்கை எழுதிவிடுங்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்த 71 கிலோமீட்டரையும், லாசா பதிவுகளிலிருந்து நீங்கள் பெற்ற தடிப்பையும் அதன் பிழை எல்லையோடு அருகருகே வையுங்கள். இரண்டும் முழுமையாக ஒத்துவராது. நீங்கள் எடுத்த அடர்த்திகள் தோராயமானவை. தெற்குத் திபெத்துக்கு அடியில் நுழைந்த இந்தியக் கீழ் மேலோடு அழுத்தத்தால் அடர்த்தி கூடியிருக்கலாம். மலையின் எடையில் ஒரு பங்கைத் தட்டின் விறைப்பும் தாங்குகிறது. வேக விகிதத்தில் சிறு தவறு இருந்தாலும் ஆழம் சில கிலோமீட்டர் மாறிவிடும். இவற்றில் உங்கள் பதிவுகள் எதற்குச் சான்று தருகின்றன, எதற்குத் தரவில்லை என்று இரண்டு பக்கங்களில் எழுதி, நிரலையும் ஒதுக்கிய பதிவுகளின் பட்டியலையும் பின்னிணைப்பாகச் சேர்த்து, உங்கள் ஆசிரியரிடம் காட்டித் திருத்துங்கள்.